நிலக்கரிக்குக் கேஜ் தடையே இல்லை: ஈஸ்ட் பிராட் டாப் ரயில் பற்றிய அனுபவப் பகிர்வு

மலைப்பாதை:
அமெரிக்காவில் பென்சில்வேனியாவின் ஹண்டிங்டன் மாவட்டத்தில் ஓடிய ஈஸ்ட் பிராட் டாப் ரயிலுக்கென்றே இந்த இழை. நேரில் போய்ப் பார்த்தவர்களும் எஞ்சின், தண்டவாள வேலை தெரிந்தவர்களும் விவரமாக எழுதுங்கள். "அழகான ரயில்" என்று மட்டும் எழுதி விட்டுப் போக வேண்டாம்.

அடிப்படைத் தகவலை நானே போட்டுவிடுகிறேன். சாசனம் 1856-இல் கிடைத்தது. மண்வெட்டி விழுந்ததோ 1872-இல்தான். 1873-இல் மவுண்ட் யூனியனிலிருந்து ராக்ஹில் ஃபர்னஸ் வரைக்கும், 1874-இல் ராபர்ட்ஸ்டேல் சுரங்கம் வரைக்கும் பாதை முடிந்தது. பிரதானப் பாதை 33 மைல், ஏறக்குறைய 53 கி.மீ. கேஜ், அதாவது இரு தண்டவாளங்களுக்கு இடையிலான அகலம், 3 அடி (914 மி.மீ.). நம் ஊட்டி ரயில் 1000 மி.மீ. என்பதால் அதைவிடக் கொஞ்சம் குறுகல். குறுகலான பாதை கூர்மையான வளைவிலும் திரும்பும், மலையை வெட்டும் அகலமும் குறையும். கையில் காசு குறைவாக இருந்த கம்பெனிக்கு அது பெரிய மிச்சம்.

குகைவாசல்:
இந்தப் பாதையில் இரண்டு குகைகள்: சைட்லிங் ஹில், ரேஸ் ஹில். இரண்டாவதுதான் நீளம் அதிகம், 1,200 அடிக்கு மேல். ஆனால் பேச வேண்டியது முதலாவதைப் பற்றி. அதன் வாசலுக்குக் கதவு உண்டு. குகைக்குள் பாறையில் கசியும் நீர் குளிர்காலத்தில் கூரையிலிருந்து ஈட்டி போல உறைந்து தொங்கும், கீழே தண்டவாளத்தின் மேல் பனிக்கட்டி தடிக்கும். சக்கரத்தின் விளிம்பு தண்டவாளத்தின் உள்பக்கமாக ஓட இடம் வேண்டும். அந்த இடத்தில் பனி நிரம்பினால் சக்கரம் மேலேறித் தடம் புரளும். கதவைச் சாத்தி வைத்தால் குளிர்காற்று ஊடுருவிப் பாயாது, மலையின் உள்வெப்பமே பனியைத் தடுக்கும். ரயில் வரும்போது திறந்துவிடக் காவலாள் ஒருவர்.

ஹாப்பர்:
"கேஜ் வேறாக இருந்ததால்தான் இந்த ரயில் செத்தது" என்று பல இடங்களில் எழுதுகிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை.

மவுண்ட் யூனியனில் பென்சில்வேனியா ரயில்ரோடு என்ற கம்பெனியின் பெரிய கேஜ் (4 அடி 8½ அங்குலம்) பாதை வந்து சேர்ந்தது. குறுகிய வேகனிலிருந்து பெரிய வேகனுக்குச் சரக்கை மாற்றுவது எந்த நாட்டிலும் தலைவலிதான். மீட்டர் கேஜ் காலத்து மாற்று யார்டுகளில் மூட்டை மூட்டையாகத் தோளில் மாற்றியதை நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் நிலக்கரியின் கதை வேறு. சுரங்கத்திலிருந்து வரும் கரியில் கல்லும் சிலேட்டும் கலந்திருக்கும். விற்பதற்கு முன் எப்படியும் ஓரிடத்தில் கொட்டிப் பிரித்து, அளவுவாரியாகச் சலித்தாக வேண்டும். அந்த ஆலையை மவுண்ட் யூனியனில், இரண்டு கேஜும் சந்திக்கும் இடத்தில் வைத்தார்கள். குறுகிய ஹாப்பர் வேகன் அடிக்கதவைத் திறந்து ஒருபக்கம் கொட்டும், சுத்தமான கரி மறுபக்கம் பெரிய வேகனில் விழும். எப்படியும் செய்தாக வேண்டிய வேலைக்குள்ளேயே கேஜ் மாற்றமும் அடங்கிவிட்டது. இதற்கென்று தனிக் கூலி இல்லை.

இந்தக் குறுகிய கரி வேகன்களிலும் 1913 முதல் மரத்தைத் தள்ளிவிட்டு எஃகு ஹாப்பர்களுக்கு மாறினார்கள்.

போகி மாற்று:
ஹாப்பர் சொன்னது கரிக்குச் சரி. மற்ற சரக்குக்கு? அதற்குத்தான் "டிம்பர் டிரான்ஸ்ஃபர்". மரக்கட்டை தூக்க நிறுத்திய பளுதூக்கி அது. பெரிய கேஜ் வேகனைத் தூக்கி அடியில் போகியை (சக்கரங்களைத் தாங்கும் சட்டத்தை) மாற்ற 1930-களில் அதைப் பயன்படுத்தத் தொடங்கினார்கள். பெயர் மட்டும் பழையபடியே ஒட்டிக்கொண்டது.

வேலை நடக்கும் விதம்: வேகனைத் தூக்கியின் கீழ் நிறுத்து. பிரேக் காற்றை வெளியேற்றி, வேகன் உடலிலிருந்து போகிக்குப் போகும் பிரேக் கம்பியின் பின்னைக் கழற்று. ஒரு முனையை மட்டும் தூக்கு. பெரிய போகியை உருட்டி வெளியே எடு, 3 அடிப் போகியை உள்ளே தள்ளு. நடுத்தட்டும் (வேகன் உடல் போகியின் மேல் உட்கார்ந்து திரும்பும் தட்டு) அதன் நடு அச்சான கிங் பின்னும் நேராக உட்காருகிறதா என்று பார்த்து மெதுவாக இறக்கு. பிறகு மறுமுனை. சரக்கை யாரும் தொடவே இல்லை.

தப்பு நடக்கும் இடங்கள் மூன்று. நடுத்தட்டு கோணலாக உட்கார்ந்தால் வளைவில் போகி திரும்பாது. பிரேக் கம்பியின் நீளத்தைச் சரிசெய்யாமல் மாட்டினால் பிரேக் கட்டை சக்கரத்தைத் தொடாது, அல்லது விடாது. போகியின் உயரம் மாறினால் கப்ளர் (வேகன்களை இணைக்கும் கொக்கி) உயரமும் மாறும், அதையும் பார்த்தாக வேண்டும். இவையெல்லாம் சரியாக இருந்தாலும், ஏறக்குறைய பத்தடி அகல உடல் மூன்றடிப் பாதையில் நிற்கிறது. ஆட்டம் அதிகம், வேகத்தைக் குறைத்தே ஆக வேண்டும்.

மூன்றாம் தண்டவாளம்:
மவுண்ட் யூனியன் யார்டில் இரண்டு கேஜுக்கும் பொதுவாக மூன்று தண்டவாளம். ஒன்று பொது, மற்ற இரண்டும் தனித்தனி. கணக்குப் போடுங்கள்: 4 அடி 8½ அங்குலத்தில் 3 அடி போனால் 20½ அங்குலம். ஆக, இரண்டு வகை வண்டிகளின் நடுக்கோடும் 10¼ அங்குலம் விலகி நிற்கும். பெரிய கேஜ் ஷண்டிங் எஞ்சின் குறுகிய வேகனைத் தள்ள வேண்டுமென்றால் கப்ளரை அந்த அளவு பக்கவாட்டில் நகர்த்தி வைத்தாக வேண்டும். பாதை பிரியும் பாயிண்ட்டும் சிக்கல்தான், ஒரு கேஜின் சக்கரம் மற்றதன் தண்டவாளத்தைக் கடக்கும் ஒவ்வோர் இடத்திலும் கிராஸிங் ஒன்று கூடும்.

லைன் ஷாஃப்ட்:
ராக்ஹில் ஃபர்னஸ் பட்டறைக்குப் போகிறவர்கள் தலையை அண்ணாந்து பாருங்கள். கூரையோரம் நீளமாக ஓடும் ஒரே ஷாஃப்ட், அதிலிருந்து ஒவ்வொரு லேத்துக்கும் துளைப்பொறிக்கும் தோல் பெல்ட். ஒரே நீராவி எஞ்சின் மொத்தப் பட்டறையையும் சுழற்றியது. மெஷினை நிறுத்த, பெல்ட்டைப் பக்கத்திலிருக்கும் சும்மா சுற்றும் சக்கரத்துக்குத் தள்ளினால் போதும். 1927-இல் எம்-1 என்ற பெட்ரோல்-மின்சாரக் கோச்சை, பிரில் கம்பெனியின் பாகங்களை வாங்கி இந்தப் பட்டறையிலேயே பூட்டினார்கள்.

எஞ்சின்கள் பக்கத்திலேயே, ரவுண்ட் ஹவுஸ் என்ற எஞ்சின் கொட்டகையில். பால்ட்வின் கம்பெனி கட்டிய ஆறு மிகாடோ வகை நீராவி எஞ்சின்கள் (முன்னே 2, நடுவே 8, பின்னே 2 சக்கரம்). எண்கள் 12, 14, 15, 16, 17, 18. கட்டியது 1911 முதல் 1920 வரை. 13 கிடையாது! 12 சிறியது, 16-இலிருந்து பெரியவை. ஆறும் இன்றைக்கும் அங்கேயே இருப்பதுதான் அதிசயம்.

மலைப்பாதை:
அப்படியானால் செத்தது எதனால்?

ஹாப்பர்:
வாடிக்கையாளர் போனதால். மவுண்ட் யூனியனில் கடுஞ்சூடு தாங்கும் செங்கல் ஆலைகள் இருந்தன. எஃகு உலைக்கு உள்பூச்சாகும் சிலிக்காச் செங்கல் செய்ய கானிஸ்டர் என்ற பாறை வேண்டும், சூளை எரியக் கரி வேண்டும். இரண்டையும் கொடுத்தது இந்த ரயில். ஆலைகள் எண்ணெய்க்கும் எரிவாயுவுக்கும் மாறின, வீடுகளும் மாறின. சுரங்கம் மூடியது, 1956 ஏப்ரலில் சரக்கு ரயிலும் நின்றது. மொத்தத்தையும் வாங்கியது கோவால்சிக் என்ற பழைய இரும்புக் கம்பெனி. இரும்புக்காரர் தண்டவாளத்தைப் பிடுங்கத்தானே வாங்குவார்? நிக் கோவால்சிக் பெரும்பகுதியைத் தொடாமல் விட்டார். 1960-இல் ஒரு சிறு துண்டில் சுற்றுலா ரயில் ஓடியது. 2011-உடன் அதுவும் நின்று, 2020-இல் ஓர் அறக்கட்டளை வாங்கியது.

பாயிலர்காரர்:
16-ஆம் எண் 1956 முதல் நெருப்பே காணாமல் நின்று, 2023-இல் மறுபடி நீராவி எடுத்தது. பெயின்ட் அடித்து ஓட்டிவிடலாம் என்று நினைக்க வேண்டாம். அமெரிக்க விதிப்படி 1,472 ஓட்ட நாட்கள் அல்லது 15 ஆண்டு, எது முன்னால் வருகிறதோ அப்போது குழாய்களை உருவி, பாயிலரை உள்ளே வெளியே சோதிக்க வேண்டும். தகட்டின் தடிமனைக் கட்டம் கட்டமாக அல்ட்ராசோனிக் கருவியால் அளந்து, மெலிந்த இடத்தை வைத்து அழுத்தத்தைக் கணக்கிடுவார்கள்.

பாயிலரில் நெருப்பு எரியும் அறையின் உள்தகட்டையும் வெளித்தகட்டையும் பிடித்துவைப்பவை ஸ்டே போல்ட்டுகள், நூற்றுக்கணக்கில். ஒவ்வொன்றின் வெளிமுனையின் நடுவில் ஏறக்குறைய 5 மி.மீ. துளை, குறைந்தது 1¼ அங்குல ஆழம். போல்ட் பெரும்பாலும் வெளித்தகட்டை ஒட்டித்தான் முறியும். முறிந்தால் அந்தத் துளை வழியே தண்ணீர் கசியும், வெளியிலிருந்தே தெரிந்துவிடும். ஒழுகும் துளையை ஆணி அடித்து அடைத்த பழைய எஞ்சின்களும் உண்டு. எந்த ஊர் எஞ்சினானாலும் பக்கத்தில் போனால் அதைத்தான் முதலில் பாருங்கள்.