நல்லிஃபிகேஷன்: ரத்தா, மறுப்பா, செல்லாமையா?

அனைவருக்கும் வணக்கம்.

அதிபர் ஜாக்சன் காலத்து அமெரிக்க வரலாற்றுக்கான நம் தமிழ்ச் சொற்பட்டியலில் 'நல்லிஃபிகேஷன்' மட்டும் இழுத்துக்கொண்டே போகிறது. கூட்டரசின் சட்டம் ஒன்று தன் எல்லைக்குள் செல்லாது என்று ஒரு மாநிலம் அறிவிப்பதுதான் அது. இதுவரை வந்தவை ரத்துரிமை, இன்மையாக்கம், சட்டமறுப்பு. மூன்றும் எனக்கு ஒப்பவில்லை. ஏன் என்று சொல்ல நடந்த கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது. மடல் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1828-ல் வந்த இறக்குமதி வரிச் சட்டம் வடக்கத்திய ஆலைகளுக்குக் காப்பாக இருந்தது. பருத்தியை இங்கிலாந்துக்கு விற்று அங்கிருந்து சரக்கு வாங்கிய தென் கரோலினாவுக்கு அது பெரும் சுமை. 1819 பொருளாதார நெருக்கடியில் விழுந்த பருத்தி விலை பழைய உயரத்துக்குத் திரும்பவே இல்லை. மேற்கே அலபாமாவின் புது மண்ணோடு இந்தப் பழைய நிலங்கள் போட்டிபோட முடியாத நேரம் வேறு. அப்போது துணை அதிபராக இருந்த ஜான் கால்ஹூன் தன் பெயரைப் போடாமல் ஓர் அறிக்கை எழுதிக் கொடுத்தார். மாநிலச் சட்டமன்றம் அதை அச்சிட்டுப் பரப்பியது.

அவருடைய வாதத்தைச் சுருக்கமாகச் சொன்னால்: அரசமைப்பு என்பது மாநிலங்கள் தமக்குள் செய்துகொண்ட உடன்படிக்கை. அது மீறப்பட்டதா என்று பார்க்கும் உரிமை ஒவ்வொரு மாநிலத்துக்கும் உண்டு. மாநிலம் தனிப் பேரவை ஒன்றைக் கூட்டி, 'இந்தச் சட்டம் எங்கள் எல்லைக்குள் செல்லாது' என்று அறிவிக்கலாம். அந்த அதிகாரம் வேண்டுமென்றால் கூட்டரசு நான்கில் மூன்று பங்கு மாநிலங்களின் ஒப்புதலோடு அரசமைப்பைத் திருத்திக்கொள்ளட்டும். அன்று இருந்தவை 24 மாநிலங்கள். 7 மாநிலங்கள் முரண்டு பிடித்தால் திருத்தம் நிறைவேறாது. கணக்குப் போட்டுத்தான் எழுதியிருக்கிறார் மனிதர்.

1832 நவம்பர் 24 அன்று தென் கரோலினாவின் கொலம்பியா நகரில் கூடிய பேரவை 136-க்கு 26 என்ற வாக்கில் அதைச் செய்தும் காட்டியது. 1833 பிப்ரவரி 1 முதல் மாநிலத்துக்குள் அந்த வரி கிடையாது. இது பற்றிய வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போகக் கூடாது. படையைக் கொண்டு வந்தால் ஒன்றியத்தை விட்டுப் போய்விடுவோம். வழக்கை விசாரிக்கும் ஜூரிகள்கூட முதலில் பேரவையின் ஆணைக்குக் கட்டுப்படுவதாக உறுதிமொழி எடுக்க வேண்டும்! அப்புறம் சட்டமன்றம் ஒரு வழியும் வகுத்துக் கொடுத்தது. சார்ல்ஸ்டன் துறைமுகச் சுங்கச்சாவடியில் சரக்கைப் பிடித்துவைத்தால், வணிகர் மாநில நீதிமன்றத்தில் மீட்பு வழக்குப் போட்டுச் சரக்கை வாங்கிக்கொள்ளலாம்.

இப்போது 'ரத்து'க்கு வருகிறேன். அது உருதுவழி வந்த சொல் என்பது என் குறை அல்ல. ஒரு சட்டத்தைப் போட்டவரோ அவருக்கு மேலே இருப்பவரோதான் அதை ரத்து செய்ய முடியும். செய்தபின் அது எங்கேயும் இல்லை. இங்கே அப்படியா? பாஸ்டனிலும் நியூயார்க்கிலும் அதே வரி வசூலாகிக்கொண்டுதான் இருந்தது. இன்னொரு சோதனை: வரியைப் படிப்படியாகக் குறைக்கும் சமரச வரிச் சட்டம் வந்ததும், 1833 மார்ச் 15 அன்று அதே பேரவை தன் ஆணையைத் தானே திரும்பப் பெற்றது. மூன்று நாள் கழித்து, ஜாக்சனுக்குப் படை அதிகாரம் கொடுத்த சட்டத்தின்மீது அதே ஆயுதத்தை மறுபடி வீசியது. இதை 'ரத்து' வைத்து எழுதிப் பாருங்கள்: 'ரத்தை ரத்து செய்துவிட்டு இன்னொன்றை ரத்து செய்தார்கள்.' மாணவர்கள் பாவம்.

இன்மையாக்கம் கணக்குப் பாடத்துக்குப் பொருந்தும். யார், யாருடைய சட்டத்தை, எங்கே என்ற மூன்றும் அதில் இல்லை.

சட்டமறுப்பு அப்படித் தள்ளிவிடக்கூடியது அல்ல. நல்ல சொல், பழகிய சொல். ஆனால் 1930-லேயே காந்தியின் இயக்கத்துக்குப் போய்விட்டது. அது மட்டுமில்லை, நாம் எழுதும் வரலாற்றுக் காலத்திலேயே அந்தச் சொல்லுக்கு உரிய ஆள் ஒருவர் இருக்கிறார். அடிமைமுறைக்கும் மெக்சிகோ போருக்கும் துணைபோகும் அரசுக்கு வரி கட்டமாட்டேன் என்று 1846-ல் ஓர் இரவு சிறையில் இருந்த அமெரிக்க எழுத்தாளர் தோரோ. தனி மனிதர் மனச்சாட்சிப்படி மறுத்துத் தண்டனையை ஏற்பது ஒன்று. ஒரு மாநில அரசு ஜூரி, நீதிமன்றம், குடிப்படை சகிதம் நின்று தடுப்பது வேறொன்று. ஒரே நூலில் இரண்டையும் சட்டமறுப்பு என்றால் குழப்பம்தான்.

என் பரிந்துரை: செல்லாமை. 'உன் அதிகாரமெல்லாம் இங்கே செல்லாது' என்கிறோமே, அந்த 'இங்கே'தான் கால்ஹூனின் கோட்பாடு முழுவதும்.

நீதிமன்றமும் 'சட்டம் செல்லாது' என்றுதானே தீர்ப்பளிக்கிறது என்று ஓர் அம்மையார் கேட்டிருந்தார். சரியான கேள்வி. ஆனால் பேரவையின் ஆணையே சட்ட மொழியில்தான் பேசியது: அந்த வரிச் சட்டம் சட்டமே அல்ல, எங்களைக் கட்டுப்படுத்தாது என்று. நீதிமன்றத்தின் வேலையைப் பேரவை எடுத்துக்கொண்டதில்தான் சண்டையே. சொல் அந்த இடத்தில் உரசுவது நல்லதே. வேறுபாடு காட்டியே ஆகவேண்டிய இடத்தில் 'மாநிலச் செல்லாமை' என்று எழுதிக்கொள்ளலாம்.

'மாநில உரிமைக் காப்பு' என்று ஒரு நண்பர் சொன்னதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். அது கால்ஹூன் தரப்பின் விளம்பரப் பலகை. தென் கரோலினா மக்களில் அன்று பாதிக்கு மேற்பட்டவர்கள் அடிமைகள். 1822-ல் டென்மார்க் வீசி என்ற கறுப்பினத்தவரின் அடிமைக் கிளர்ச்சிச் சதி என்று சொல்லி 35 பேரைத் தூக்கிலிட்ட சார்ல்ஸ்டன் அது. துறைமுகத்துக்கு வரும் கறுப்பின மாலுமிகளைக் கப்பல் புறப்படும்வரை சிறையில் அடைக்கும் சட்டத்தையும் அந்த ஆண்டே போட்டார்கள். அது அரசமைப்புக்கு முரண் என்று கூட்டரசு நீதிபதி வில்லியம் ஜான்சன் மறு ஆண்டு சொன்னதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வரி ஒரு சாக்குதான், அடிமைமுறையே உள்ளே இருக்கும் காரணம் என்ற பொருளில் கால்ஹூனே 1830-ல் ஒரு கடிதத்தில் எழுதினார்.

அதற்காகச் சொல்லிலேயே வசவையும் ஏற்ற முடியாது. தப்பி ஓடிய அடிமைகளைப் பிடித்துக் கொடுக்கச் சொன்ன 1850 சட்டத்தை விஸ்கான்சின் ஏற்கவில்லை. மாநில உச்ச நீதிமன்றம் 1854-ல் அதைச் செல்லாது என்றது. 1859-ல் வாஷிங்டனில் உள்ள கூட்டரசு உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பைத் தள்ளியதும், விஸ்கான்சின் சட்டமன்றம் கென்டக்கி மாநிலத்தின் 1798 தீர்மான வாசகங்களையே எடுத்து எதிர்த் தீர்மானம் போட்டது. அடிமைமுறைக்கு எதிராகவும் அதே ஆயுதம். நம் சொல் இரண்டு பக்கமும் பொருந்த வேண்டும். செல்லாமை பொருந்துகிறது.

சேர்த்துப் பார்க்க: செல்லாமைக் கோட்பாடு, செல்லாமை நெருக்கடி, செல்லாமைக் கட்சியினர். 1832-ன் 'ஆர்டினன்ஸ்' என்பதை இன்றைய செய்தித்தாள் வழக்கப்படி யாரும் 'அவசரச் சட்டம்' ஆக்கிவிட வேண்டாம். அது ஆளுநர் பிறப்பித்தது அல்ல, பேரவை வாக்கெடுத்து நிறைவேற்றியது. 'செல்லாமை ஆணை' போதும். அதற்கு 1832 டிசம்பர் 10 அன்று ஜாக்சன் கொடுத்த பதிலுக்குப் 'பிரகடனம்' இருக்கட்டும். 'ஃபோர்ஸ் பில்'லுக்குப் 'படை அதிகாரச் சட்டம்' என்று போட்டிருக்கிறேன். ஆனால் அதில் படையைவிடச் சுவையான பகுதி வேறு. தேவைப்பட்டால் சுங்கச்சாவடியைக் கோட்டைக்கோ கப்பலுக்கோ மாற்றி, வரியை ரொக்கமாக வாங்கலாம் என்றது. மீட்பு வழக்கோடு வரும் ஷெரிப் கடலில் என்ன செய்வார்!

மிச்சம் 'இன்டர்போசிஷன்', அதாவது கூட்டரசின் அத்துமீறலுக்குக் குறுக்கே மாநிலம் நிற்பது. 1798-ல் வர்ஜீனியாவுக்காக, பின்னாளில் அதிபரான மாடிசன் எழுதிய தீர்மானத்தில் வருவது. செல்லாமையைவிட ஒரு படி மென்மையானது. நான் கால்ஹூன் சொன்னதைச் சொல்லவில்லை என்று மாடிசன் முதுமையில் மன்றாடியதற்கு அந்த ஒரு படிதான் ஆதாரம். பட்டியலில் இருக்கும் 'இடைநிற்றல்' வேண்டாம். அது பள்ளிப் படிப்பை நிறுத்துவதற்கு ஆகிவிட்டது. 'இடைமறிப்பு' எனக்குப் போதுமென்று படுகிறது. அது கொஞ்சம் முரட்டுத்தனமாக இருக்கிறது என்பவர்கள் வேறு சொல் தாருங்கள். செல்லாமைக்கு ஆட்சேபம் இருந்தாலும் இந்த இழையிலேயே எழுதுங்கள்.