கையால் இயக்கும் ரயர் கழற்றும் இயந்திரம் நிலத்திலிருந்து பெயர்கிறது, அலோய் ரிம்மிலும் கீறல்: எதை முதலில் திருத்துவது?

கேள்வி (கொக்குவில்)

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டுக் கராஜில் ஒரு வாகன் ஆர், தந்தையார் பேணிவரும் மொறிஸ் மைனர், ஓர் ஓட்டோ ஆகியவை நிற்பதால், ரயர் வேலைகளை வீட்டிலேயே செய்வதற்காக நடுத்தண்டும் கூம்பும், பீட்டை (ரிம்மில் அமரும் ரயர் விளிம்பை) உடைக்கும் கையும் கொண்ட மலிவான இயந்திரம் ஒன்றை வாங்கி, நான்கு போல்ற்றுகளால் நிலத்தில் இறுக்கியிருக்கிறேன். இரும்பு ரிம்களில் அது ஓரளவு வேலை செய்கிறது. ஆனால் வாகன் ஆரின் 155/65 ஆர் 14 ரயரைக் கழற்ற, பீட்டை நெம்பும் நீண்ட கம்பியை நடுத்தண்டைச் சுற்றித் தள்ளும்போது சில்லும் சேர்ந்து சுற்றுகிறது, சட்டகம் முறுகுகிறது, போல்ற்றுகள் சீமெந்தைப் பெயர்த்துக்கொண்டு மேலே வருகின்றன. கம்பியின் இரும்பு நுனி அலோய் விளிம்பையும் கீறுகிறது. கம்பியை இரும்புக் குழாயால் நீட்டினால் இலகுவாகுமா? வேறு எதை மாற்றலாம்?

மறுமொழி (சுன்னாகம், கராஜ் வைத்திருப்பவர்)

தம்பி, குழாயால் நீட்டும் எண்ணத்தை இப்போதைக்கு விடுங்கள். பலத்தைக் கூட்டினால் சட்டகத்தின் வெல்டிங் விடும், அல்லது பீட்டின் உள்ளே இருக்கும் உருக்குக் கம்பி அறுந்து புது ரயரே வீணாகும்.

ரிம்மை வெட்டுமுகமாக நினைத்துப் பாருங்கள். அதன் நடுவே சுற்றிவர ஒரு பள்ளம் ஓடுகிறது. பீட் நீளாது, ஆகவே கம்பி தூக்கும் இடத்துக்கு நேர் எதிர்ப்பக்கத்தில் பீட் அந்தப் பள்ளத்துக்குள் இறங்கியிருந்தால்தான், இந்தப் பக்கத்தில் அது விளிம்பைத் தாண்டுவதற்கு வேண்டிய இடம் கிடைக்கும். எதிர்ப்பக்கம் மேலே ஏறியிருக்கும் நிலையில் கம்பியை இழுப்பவர் ரயருடன் அல்ல, உருக்குக் கம்பியுடன் மல்லுக்கட்டுகிறார். முழங்காலால் அல்லது ஒரு மரக்கட்டையால் எதிர்ப்பக்கத்தை அழுத்தி வைத்துக்கொண்டு சுற்றுங்கள். அடுத்தது, பள்ளம் ரிம்மின் சரிநடுவில் இருப்பது அரிது. பெரும்பாலும் ஒரு பக்கத்தை, அநேகமாக முகப்பக்கத்தை, அண்டியே இருக்கும். அந்தப் பக்கம் மேலே வரும்படி சில்லை வைக்க வேண்டும். அலோய் ரிம்மின் முகம் பழுதாகும் என்று அஞ்சி அதைக் கவிழ்த்து வைப்பவர்கள் தாங்களாகவே வேலையைக் கடினமாக்கிக்கொள்கிறார்கள்.

சில்லு சுற்றுவதற்கு இன்னொரு காரணமும் இருக்கலாம். இயந்திரத்தின் தட்டில் உள்ள முளை சில்லின் நட்டுத் துளை ஒன்றினூடாக மேலே வந்திருக்கிறதா என்று பாருங்கள். அது மெலிந்த கம்பியாக இருந்தால், துளைக்குள் கொள்ளக்கூடிய அளவு தடித்த கம்பியாக மாற்றி, அதற்கு றப்பர்க் குழாய் உறை ஒன்று போடுங்கள். உங்கள் நிலம் எப்படிப்பட்டது?

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி ஐயா. எதிர்ப்பக்கத்தைப் பள்ளத்தில் அழுத்திப் பார்த்தேன்; ஒரு கையாலேயே சுற்ற முடிந்தது. முளையையும் மாற்றிவிடுகிறேன். நிலம் பழைய வீட்டு நிலம்: கல்லும் மணலும் நிரப்பி, மேலே இரண்டு அங்குலம் அளவில் சீமெந்து பூசியது.

மறுமொழி (சுன்னாகம்)

அப்படியானால் எந்தப் போல்ற்றும் அங்கே நில்லாது. பழையதைப் பெயர்த்து, இரண்டடிச் சதுரத்தில் ஓரடி ஆழம் தோண்டுங்கள். நம் பக்கத்தில் பல இடங்களில் அதற்குள்ளேயே சுண்ணாம்புக்கல் தட்டுப்படும், அது நல்லதே. ஒரு பங்கு சீமெந்துக்கு இரண்டு மணல், நான்கு சல்லி என்ற கலவையில் கொங்கிறீற் இட்டு, அடியில் வளைத்த 12 மில்லிமீற்றர் போல்ற்றுகளை, நீண்ட நட்டுகள் பூட்டியபடி, நட்டின் வாய் நிலமட்டத்துக்கு வரும்படி பதியுங்கள். சட்டகத்தின் துளைகளை ஒரு பலகையில் குறித்துத் துளைத்து, அந்தப் பலகையிலேயே போல்ற்றுகளைத் தொங்கவிட்டால் அளவு பிசகாது. வேலை முடிந்ததும் இயந்திரத்தைக் கழற்றிவிட்டு வாகனத்தை அதன் மேலேயே நிறுத்தலாம். நட்டுகளின் வாயைக் கிறீஸ் பூசிய சீலையால் அடைத்து வையுங்கள். இங்கத்தைய உப்புக்காற்றில் புரி துருப்பிடித்தால் பிறகு அசைக்க முடியாது. கொங்கிறீற் தன் முழு உறுதியை அடைய 28 நாட்கள் வேண்டும். அதுவரை ஈரமாக வைத்திருங்கள், பொறுத்திருங்கள்.

மறுமொழி (சாவகச்சேரி, லேத் வேலை செய்பவர்)

கீறலுக்கு என் யோசனை இது. கம்பியின் நுனி ரிம்மைத் தொடும் முகங்களை அரைத்துக் கொஞ்சம் தாழ்த்தி, அந்த இடத்தில் தடித்த நைலோன் துண்டுகளைப் பூட்டுங்கள். நைலோன் உருளையிலிருந்து எந்த லேத் பட்டறையிலும் வெட்டித் தருவார்கள். திருகாணியின் தலை நைலோனுக்குள் நன்றாகப் புதைந்திருக்க வேண்டும், ஏனெனில் நைலோன் தேயத் தேயத் தலை வெளியே வந்து முன்னையதிலும் ஆழமாகக் கீறும். பீட் உடைக்கும் கையின் கூர்மையான விளிம்பையும் அரத்தால் உருட்டிவிடுங்கள். அதைப் புதிய கராஜ்களில்கூடப் பலர் செய்வதில்லை.

மறுமொழி (மானிப்பாய்)

மொறிஸுக்கு ரியூப் போடுகிறீர்கள் என்றால், பூட்டுவதற்கு முன் ரியூப்பில் அது உருண்டை வடிவம் பெறும் அளவுக்கு மட்டும் காற்று விடுங்கள். தட்டையாகக் கிடக்கும் ரியூப்பைக் கம்பி நெரித்துவிடும். ஓட்டோவின் 4.00-8 சில்லுக்கு இந்த இயந்திரமே தேவையில்லை. அதன் ரிம் இரண்டு பாதிகளாகப் பிரியும். ஆனால் காற்று முழுவதையும் இறக்கி, வால்வின் உள்ஊசியையும் கழற்றிய பின்னரே அந்த நட்டுகளில் கை வையுங்கள். காற்றுடன் பிரிந்தால் ரிம் பாதி ஆளைக் கொல்லும் வேகத்தில் எறிபடும்.

கேள்வி கேட்டவர்

அனைவருக்கும் நன்றி. இன்னும் ஒரு சந்தேகம் உண்டு. ரியூப் இல்லாத ரயரில் பீட் இரண்டு பக்கமும் சரியாகச் சென்று அமர மறுக்கிறது. கிறீஸ் பூசலாமா?

மறுமொழி (சுன்னாகம்)

கிறீஸும் என்ஜின் ஒயிலும் வேண்டாம். அவை றப்பரை ஊதவைக்கும், ரயர் ரிம்மில் வழுக்கும். ரயர் பூட்டுவதற்கென்றே விற்கும் வழுக்குப் பசை (ஒட்டும் பசை அல்ல) சிறந்தது. இல்லையேல் கெட்டியான சவர்க்காரத் தண்ணீர் போதும், இரும்பு ரிம் என்றால் முதலில் துருவைத் தேய்த்து எடுங்கள். வால்வின் உள்ஊசியைக் கழற்றிவிட்டுக் காற்றை விட்டால் வேகமாக உட்சென்று பீட்டை வெளியே தள்ளும். இரண்டு பக்கமும் அமரும் சத்தம் தனித்தனியே கேட்கும். காற்றழுத்தம் 40 பி.எஸ்.ஐ. வரை போயும் அமரவில்லையென்றால் அதற்கு மேல் ஏற்றாதீர்கள்: காற்றை இறக்கி, மறுபடி பசை பூசி, ரயரைச் சிறிது திருப்பி வைத்துத் தொடங்குங்கள். வால்வைத் தானே பிடித்துக்கொள்ளும் முனையும் நீண்ட குழாயும் வாங்கி, சில்லுக்கு மேலே குனியாமல் எட்டி நின்று காற்றடியுங்கள்.