எஸ்சிஎக்ஸ்10 கிரோலர்: முன் சில்லு 31 பாகைக்கு மேல திரும்ப மாட்டேங்குது

கான்கரை
வண்டி எக்ஸியல் எஸ்சிஎக்ஸ்10 II, பாறை ஏறுற ரிமோட் கார். முன்னும் பின்னும் ஏஆர்44 எக்ஸல், சில்லிடைத் தூரம் 313 மிமீ, 1.9 டயர். முன் எக்ஸலுக்குள்ள, சில்லு ஒடியும்போதும் அதைச் சுத்த வைக்கிற பழைய யூனிவர்சல் மூட்டுதான் இன்னும் கிடக்கு. சில்லைத் திருப்புற சேர்வோ மோட்டார் சட்டத்தில பூட்டினது, பலம் 25 கிலோ-செமீ, அதில மாட்டின கை (ஹோர்ன்) 16 மிமீ. சில்லோட சேர்ந்து திரும்புற நக்கிளோட கையை வேர்னியர் வச்சுப் பார்த்தா 22 மிமீ.

சேர்வோ எவ்வளவு தூரம் சுத்தலாம்னு ரிமோட்டில வைக்கிற எண்ட் பொயிண்ட் 100 இருக்கும்போது இடப்பக்கம் 31 பாகை வருது. 120க்கு ஏத்தினா 34 வரைக்கும் போய் சேர்வோ முனகுது, சில நேரம் ரிசீவரே ஒரு தடவை அணைஞ்சு எரியுது. வலப்பக்கம் எப்பவும் ரெண்டு மூணு பாகை குறைவு. தேயிலை மலைக் கானுக்குள்ள (தண்ணி ஓடுற வாய்க்கால்) இறங்கினா ஒரு வளைவுக்கு மூணு தடவை முன்ன பின்ன எடுக்க வேண்டியிருக்கு. யூனிவர்சல் மூட்டுக்குப் பதிலா போடுற சிவிடி அச்சு வாங்கினா சரியாகிடுமா, இல்ல வேற எங்கேயாவது பிடிக்குதா?

லிந்துலை_லிங்க்
சிவிடியை இப்ப வாங்காதீங்க. நீங்க கொடுத்த கணக்கிலேயே பாதி விடை இருக்கு.

சேர்வோ நடுவிலிருந்து 45 பாகை சுத்துதுன்னு வைங்க. 16 மிமீ ஹோர்னோட நுனி பக்கவாட்டில 11.3 மிமீதான் நகரும். அதை 22 மிமீ கையில போட்டா 31 பாகை. நீங்க அளந்ததும் அதேதான். அதாவது 100இல உங்களை நிறுத்துறது ஹோர்னோட நீளம், மூட்டு இல்ல. 120இல சேர்வோ இன்னும் சுத்தப் பார்க்குது, ஆனா 34இல வேற ஏதோ தடுக்குது. அதனாலதான் முனகல்.

அது என்னன்னு கண்டுபிடிக்க டிராக் லிங்கை (ஹோர்னையும் நக்கிளையும் இணைக்கிற கம்பி) ஹோர்னிலிருந்து கழட்டிட்டு, வண்டியை ஒரு பெட்டி மேல ஏத்தி, சில்லைக் கையால திருப்புங்க. முட்டுற இடத்தில டோர்ச் அடிச்சுப் பாருங்க. மூணு இடம்தான்: நக்கிளில இருக்கிற மொட்டு அதைத் தாங்குற சி-ஹப்பில முட்டும், இல்ல டயர் எக்ஸலைச் சட்டத்தோட இணைக்கிற கீழ் லிங்கில உரசும், இல்ல உள்ளே மூட்டு கடிக்கும். முதல் ரெண்டும் கண்ணுக்குத் தெரியும். மூணாவதுக்கு, சில்லை முழுசா ஒடிச்சுப் பிடிச்சுக்கிட்டு டிரைவ்ஷாஃப்டைக் கையால சுத்துங்க. ஒரு சுத்துக்கு ரெண்டு தடவை இறுகி இறுகி விட்டா மூட்டு எல்லைக்கு வந்திருச்சு.

அளக்க ஸ்கூல் கொம்பாஸ் பெட்டியில இருக்கிற பாகைமானி போதும். சில்லுக்குக் கீழ தாள் போட்டு, நேரா இருக்கும்போது ஒரு கோடு, ஒடிச்சதும் ஒரு கோடு. உள்பக்கம் திரும்புற சில்லையே அளக்கணும். வெளிச்சில்லு பொதுவா கொஞ்சம் குறைவாத்தான் காட்டும்.

பதுளை_பினியன்
அந்த ரிசீவர் அணையுறதை சும்மா விட வேண்டாம். முட்டி நிற்கிற சேர்வோ நிறைய ஆம்பியர் இழுக்கும். ஓட்டுற மோட்டாரைக் கட்டுப்படுத்துற இஎஸ்சிக்குள்ள, ரிசீவருக்கும் சேர்வோவுக்கும் மின்சாரம் கொடுக்கிற பெக் (BEC) தாங்கிற அளவைத் தாண்டினா வோல்ட்டு விழும், ரிசீவர் அணைஞ்சு திரும்ப எரியும். சேர்வோ தாளில ஸ்டோல் கரண்ட் (முட்டி நிற்கும்போது இழுக்கிற அளவு) எவ்வளவுன்னு பாருங்க. பெக்கை விடக் கூடினா தனி பெக் போடுங்க. சேர்வோவோட சிவப்பும் கறுப்பும் புதுப் பெக்குக்கு, சிக்னல் வயர் ரிசீவருக்கு. பெக்கோட கறுப்பு கட்டாயம் ரிசீவர் கறுப்போட சேரணும், இல்லேன்னா சேர்வோ தன்பாட்டுக்கு நடுங்கும். புதுப் பெக்கோட சிவப்பையும் ரிசீவர் சிவப்பையும் மட்டும் ஒண்ணாச் சேர்க்காதீங்க.

வலப்பக்கக் குறைவு ஹோர்ன் நடுவில உட்காராததால வரலாம். சேர்வோ அச்சோட 25 பல் ஸ்பிளைனில ஒரு பல் தள்ளினா 14.4 பாகை, அது ரொம்ப அதிகம். ரிமோட்டில நடுவைத் திருத்துற சப்-டிரிம்மை சுழியத்தில வச்சு, ஹோர்ன் டிராக் லிங்குக்குச் செங்குத்துக்கு மிக நெருங்கி வர்ற பல்லில மாட்டி, மிச்சத்தை லிங்கோட நீளத்தில எடுங்க. எம்3 திரெட்டுக்கு ஒரு சுத்து 0.5 மிமீ. உங்க 22 மிமீ கையில அது 1.3 பாகை. ஒரு பக்கம் கூடுற அளவு மறுபக்கம் குறையும், ஆகவே ஒரு சுத்து சுத்தி ரெண்டு பக்கமும் திரும்ப அளங்க.

கான்கரை
நன்றி அண்ணே. கழட்டிப் பார்த்தேன். இடது 35இல நக்கிள் மொட்டு சி-ஹப்பில முட்டுது. வலது 33இலயே டயரோட உள் விளிம்பு கீழ் லிங்கைத் தொடுது. மூட்டு இன்னும் கடிக்கல. 50 பாகை வரைக்கும் போகலாம்னு சொல்றாங்களே, அதையே இலக்கா வைக்கலாமா?

லிந்துலை_லிங்க்
50க்கு அலைய வேண்டாம். 313ஐ பாகையோட சைனால வகுத்தா முன் சில்லு போடுற வட்டத்தோட ஆரை வரும்: 31க்கு 608 மிமீ, 42க்கு 468, 45க்கு 443, 50க்கு 409. முதல் 11 பாகைக்கு 14 சென்டிமீட்டர் மிச்சம். கடைசி 5 பாகைக்கு மூணரை சென்டிமீட்டர் கூடத் தேறாது. அதோட இந்த வண்டிக்கு முன் எக்ஸல் பூட்டினது, அதாவது இடது வலது சில்லு ரெண்டும் ஒண்ணாத்தான் சுத்தும். 50இல சில்லு உருளாது, பாறையைத் தள்ளும். பாசி பிடிச்ச ஈரக் கல்லில அப்படியே நேரா வழுக்கிட்டுப் போகும். 42 வந்தா கானுக்கு தாராளம்.

42க்கு நக்கிள் கை 14.7 மிமீ நகரணும். 20 மிமீ ஹோர்ன், சேர்வோ 48 பாகை, அவ்வளவுதான். எண்ட் பொயிண்ட் 105 முதல் 110க்குள்ள வரும். இதுக்கு விலை பலம்: 16 மிமீயில நுனிக்கு 15.6 கிலோ கிடைச்சது, 20இல 12.5. ஐந்தில ஒரு பங்கு போகுது. 25 கிலோ சேர்வோ இதைத் தாங்கும், 15 கிலோ சேர்வோ வச்சிருக்கிறவங்க இதைச் செய்யாதீங்க. ஹோர்ன் அலுமினியமா இருக்கட்டும். பிளாஸ்டிக் ஹோர்ன் வளைஞ்சு கிடைச்ச பாகையைத் தின்னுடும்.

மொட்டை அரத்தால அரைமிமீ அரைமிமீயா ராவுங்க, ரெண்டு பக்கமும் சமமா. முழுசா எடுத்துடாதீங்க. மூட்டு கடிக்கிறதுக்கு ரெண்டு பாகை முன்னாடியே மொட்டு முட்டணும். இல்லேன்னா ஒவ்வொரு தடவையும் சேர்வோவோட முழு பலமும் மூட்டோட கிண்ணத்தில விழுந்து அது பிளந்துடும். அப்புறம் எண்ட் பொயிண்டை 60க்கு இறக்கி, முட்டுற வரைக்கும் ஏத்தி, அங்கிருந்து ரெண்டு மூணு எண் பின்னுக்கு. இடம் வலம் தனித்தனியா.

ஹப்புத்தளைக்காற்று
டயர் உரசலுக்கு சுலப வழி சில்லு உட்காருற 12 மிமீ ஹெக்ஸை 3 மிமீ தடிப்புக் கூடினதா மாத்துறது. ஆனா சில்லு கிங்பின்னை (நக்கிள் திரும்புற அச்சு) விட்டு வெளிய போகப் போக சேர்வோவுக்குச் சுமை ஏறும். பெட்டர் வழி முன் கீழ் லிங்க் ரெண்டையும் வளைஞ்ச வகைக்கு மாத்துறது. பூட்டின பிறகு ஒரு பக்கச் சில்லை மட்டும் ஷொக் முழுசா அமுங்கிற வரைக்கும் தூக்கி, ரெண்டு பக்கமும் ஒடிச்சுப் பாருங்க. நேரா நிற்கையில உரசாத டயர் தூக்கினதும் உரசும், மேல்கூட்டோட மட்கார்டில முட்டும்.

சிவிடியைப் பத்தி: 42இல பழைய மூட்டு கடிச்சா மட்டும் வாங்குங்க. பெயரில கொன்ஸ்டன்ட் (மாறாத வேகம்) இருந்தாலும் கிரோலருக்கு விக்கிற பெரும்பாலான சிவிடி ஒற்றை மூட்டுதான். 30 பாகையில வேகம் ஒரு சுத்துக்குள்ள 0.87 முதல் 1.15 மடங்கு வரை ஏறி இறங்கும், 45இல 0.71 முதல் 1.41. முழுசா ஒடிச்சுக்கிட்டு திரொட்டில் கொடுத்தா சில்லு துள்றது அதனாலதான். போடும்போது பின்னைப் பிடிக்கிற குட்டி கிரப் திருகுக்கு எண்ணெய் துடைச்சுட்டு நீல திரெட்லொக் ஒரு துளி விடுங்க. அது தளர்ந்தா பின் வெளிய வந்து நக்கிள் பேரிங்கைச் சுரண்டிடும். திரெட்லொக் பிளாஸ்டிக்கில படக்கூடாது.

இன்னும் வட்டம் சின்னதாகணும்னா பின் எக்ஸலில 33க்கு 8 பல் கியர் போட்டு, முன்னுக்கு 30க்கு 8ஐ அப்படியே விடுங்க. முன் சில்லு பின்னை விட பத்து வீதம் வேகமா இழுக்கும், மூக்கு உள்ளே வரும்.

மே முதல் செப்டெம்பர் வரைக்கும் மழையில கானுக்குள்ள விட்டா வர்ற மணல் கிங்பின் புஷ்ஷில போய் உட்காரும். ஓட்டி முடிஞ்சதும் டிராக் லிங்கைக் கழட்டிக் கையால திருப்பிப் பாருங்க. நறநறன்னு சத்தம் கேட்டா அன்னைக்கே கழுவிடணும்.