லாகர் பீரில் ஏலக்காய்: எப்போது, எவ்வளவு?

குமுளிக்காரன்:
எங்களுக்கு அணக்கரைப் பக்கம் சின்ன ஏலத்தோட்டம். அக்கா இங்கிலாந்தில் இருக்கிறாள். அங்கே சொந்த உபயோகத்துக்கு வீட்டில் பீர் காய்ச்ச 1963 முதல் லைசென்ஸ் வேண்டாம். நம்ம ஊரில் அனுமதி கிடையாது, அதனால் எனக்கு இதில் கைப்பழக்கம் இல்லை. மச்சான் 20 லிட்டர் லாகர், அதாவது குளிரில் நொதிக்கவிடும் பீர், போட்டிருக்கிறார். 12 டிகிரியில் வைத்து, நொதிப்பு முடிகிற நேரம். எங்கள் தோட்டத்து வாசனை அதில் வரவேண்டும் என்பது எல்லோருக்கும் ஆசை. அம்மா கொண்டுபோன 8 எம்எம் பருமன் காய், ஸ்டோரில் (காய் உலர்த்தும் அறை) பச்சை மாறாமல் உலர்த்தியது, அங்கே இருக்கிறது. இடித்து அப்படியே போடலாமா? மாதிரி எடுத்துக் குடித்தால் வெண்ணெய் வாசனை அடிக்கிறதாம். ஏலக்காய் அதை மூடிவிடுமா?

கொழிஞ்சாம்பாறை:
மூடாது தம்பி. அது டையசெட்டில், நொதிக்கும்போது ஈஸ்ட் விடுகிற வெண்ணெய் வாசனைப் பொருள். ஈஸ்ட் விட்டதை ஈஸ்டே திரும்ப எடுத்துக்கொள்ளும், கொஞ்சம் சூடு வேண்டும், அவ்வளவுதான். இப்போதே 16, 17 டிகிரிக்கு ஏற்றி மூன்று நாள் வைக்கச் சொல்லுங்கள். அப்புறம் இரண்டு தம்ளரில் பீர் எடுத்து மூடி, ஒன்றை மட்டும் சூடான வெந்நீரில் அரை மணி நேரம் வைத்து, ஆறவிட்டு, இரண்டையும் மோந்து பார்க்கட்டும். சூடாக்கியதில் வெண்ணெய் வந்தால் இன்னும் முடியவில்லை. வரவில்லை, பீரின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டரும் மூன்று நாளாக ஒரே எண்ணைக் காட்டுகிறது என்றால் குளிரில் தள்ளலாம்: 2 டிகிரியில் நான்கு வாரமாவது. இதில் அவசரம் வேண்டாம். லாகரில் ஒளிய இடமே இல்லை, சின்னக் குறையும் நாக்கில் தெரியும்.

போடி கமிஷன் கடை:
காயை வாளியில் போட்டால் அளவு கையில் நிற்காது. தொலியை எடுத்துவிட்டு அரியை (உள்ளே இருக்கும் விதையை) மட்டும் பயன்படுத்துங்கள், எண்ணெய் அதில்தான் இருக்கிறது. 5 கிராம் அரியை ஒன்றிரண்டாகத் தட்டி 50 மில்லி வோட்காவில் நான்கு நாள் ஊறவைத்து வடிகட்டுங்கள். இதற்கு 8 எம்எம் தேவையே இல்லை. காயை ஏலம் விடும்போது அதற்கு விலை பருமனுக்கும் நிறத்துக்கும்தான். அரி கறுத்துப் பிசுபிசுப்பாக இருந்தால் வெடித்த காயே போதும்.

கொழிஞ்சாம்பாறை:
அருமையான யோசனை. குளிர்ந்த பீர் 200 மில்லி எடுத்து, ஊசி போடும் சிரிஞ்சில் அந்த வடிகட்டிய ஏலச்சாறை 0.1 மில்லி விட்டு ருசிக்கட்டும். பிடித்த அளவை நூறால் பெருக்கினால் 20 லிட்டருக்குக் கணக்கு வரும். கேஸ் ஏறியதும் வாசனை தூக்கும், அதனால் கொஞ்சம் குறைத்தே விடுங்கள். எனக்கு ஏலம் பின்னால் வரவேண்டும், முதல் வாயிலேயே பாயசம் ஆகிவிடக் கூடாது.

சித்தூர் எல்லை:
பாட்டிலில் கேஸ் ஏறுவதற்குச் சர்க்கரை எவ்வளவு?

கொழிஞ்சாம்பாறை:
20 லிட்டருக்கு 120 கிராம். கொஞ்சம் தண்ணீரில் கொதிக்கவைத்து ஆற்றி, ஏலச்சாறோடு சுத்தமான வாளியின் அடியில் ஊற்றி, அதன்மேல் பீரைக் குழாயால் சத்தமில்லாமல் இறக்க வேண்டும். தெறித்தால் காற்று கலந்து ருசி கெடும். அடைத்த பாட்டில் இரண்டு வாரம் 20 டிகிரியில் இருக்கட்டும், பிறகு ஃப்ரிட்ஜ்.

குமுளிக்காரன்:
மச்சானுக்கு அனுப்பிவிட்டேன். இன்று ராத்திரியே சூட்டை ஏற்றுகிறாராம். ரொம்ப நன்றி அண்ணே.