டெல்டாவில் 108, 112 போட்ட அனுபவங்கள்: டவர் ஒரு கரை, ஆள் ஒரு கரை

முள்ளியாறு:
போன தாளடி அறுப்பு சமயம். திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே எங்கள் வயல். வரப்பில் புல் அறுத்துக்கொண்டிருந்த பெரியம்மாவைக் கண்ணாடி விரியன் கடித்துவிட்டது. என் போனில் சிக்னலே இல்லை. கடிபட்டவரின் மகன் டிராக்டரில் விட்டுப்போன போன் கிடந்தது, அது பூட்டியிருந்தது. பூட்டிய திரையில் ‘அவசர அழைப்பு’ என்று ஒன்று வருமே, அதில் 108 போட்டால் ‘இது அவசர எண் அல்ல’ என்கிறது. போலீஸ், தீயணைப்பு, ஆம்புலன்ஸ் எல்லாவற்றுக்கும் பொதுவான 112 போட்டதும் மணி அடித்தது.

எடுத்தவர் நிதானமாகத்தான் பேசினார். எந்த மாவட்டம், எந்தத் தாலுகா, எந்த ஊர். ஊர்ப் பெயரைச் சொன்னால் அதே பெயரில் கும்பகோணம் பக்கமும் ஒன்று இருக்கிறது என்கிறார். “பெரிய வாய்க்கால் மதகுக்கு வடக்கே, நெல் காயப்போடுகிற களத்தைத் தாண்டி” என்று நாங்கள் சொல்கிற விலாசம் அவருக்கு எப்படிப் புரியும்? கடைசியில் மெயின் ரோட்டு மாரியம்மன் கோயிலுக்கு வண்டியை வரச் சொல்லி, அங்கே ஒரு பையனை பைக்கோடு நிறுத்தினோம். விஷமுறிவு மருந்து நேரத்துக்கு ஏறியது, பெரியம்மா பிழைத்துக்கொண்டார்.

எனக்குப் பிழைப்பே நெட்வொர்க் டெஸ்டிங். 108 ஏன் போகவில்லை என்பதைச் சொல்கிறேன். 112, அமெரிக்காவின் 911 இரண்டும் அவசர எண் என்பது போனுக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கும். மற்ற எண்கள் சிம்மில் உள்ள பட்டியலிலோ, போன் டவரில் சேரும்போது நெட்வொர்க் அனுப்பும் பட்டியலிலோ இருந்தால்தான் போனுக்குத் தெரியும். தெரியாவிட்டால் 108 என்பது மாமா வீட்டுக்குப் போடுகிற சாதாரண கால்தான். சொந்த நிறுவனத்தின் டவர் வேண்டும், பூட்டு திறந்திருக்க வேண்டும். அவசரம் என்று தெரிந்துவிட்டால் கதை வேறு. சொந்த டவர் இல்லாவிட்டாலும் பக்கத்தில் எந்த நிறுவனத்தின் டவர் இருக்கிறதோ அதில் போன் ஏற முயலும்.

உங்களுக்கும் இப்படி நடந்திருந்தால் எழுதுங்கள். இதற்கான விதிகளை யார் எங்கே எழுதுகிறார்கள் என்பதையும் இடையிடையே சொல்கிறேன்.

அணைக்கரைக்காரன்:
எங்கள் ஊரில் இது தினசரிப் பிரச்சினை சார். ஆற்றுக்கு இந்தப் பக்கம் தஞ்சாவூர் மாவட்டம், பாலம் தாண்டினால் அரியலூர், கொஞ்சம் கிழக்கே கடலூர். கரை ரோட்டில் ஒரு பைக் விபத்து. நான் நின்றது தென்கரை, போன் பிடித்தது வடகரை டவர். எடுத்தவர் பேச்சை ஆரம்பித்ததே “அரியலூர்ங்களா?” என்றுதான். இல்லை இல்லை என்று நான் கத்த, அடிபட்டவரின் மச்சான் போனைப் பிடுங்கி அவர் ஒரு ஊர் சொல்ல, ஒரே களேபரம். வண்டி வந்தது. எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று கேட்க அப்போது யாருக்கும் தோன்றவில்லை.

முள்ளியாறு:
போன் எடுத்தவருக்குத் தெரிந்தது டவர் இருக்கும் இடம், உங்கள் இடம் இல்லை. 4ஜி கால் போகும்போது எந்த டவரின் எந்தப் பக்கம் என்பதும் கூடவே போகும். நம் மாதிரி வெட்டவெளியில் ஒரு டவர் பல கிலோமீட்டர் பிடிக்கும், ஆறெல்லாம் அதற்குக் கணக்கே இல்லை. இதற்கு மருந்து இருக்கிறது. அவசர எண் போட்டதும் போனே ஜிபிஎஸ்ஸை முடுக்கி, இருக்கும் இடத்தைத் தனிச் செய்தியாகக் கட்டுப்பாட்டு அறைக்கு அனுப்பும் ஏற்பாடு. ஏஎம்எல் என்பார்கள். 2014-இல் பிரிட்டனில் தொடங்கியது. ஆனால் போனில் வசதி இருந்தால் மட்டும் போதாது, வாங்கும் அறையிலும் அதற்கு வழி செய்திருக்க வேண்டும்.

மன்னை மைந்தன், பெங்களூரு:
என் கதை வேறு. அப்பா மன்னார்குடியில் தனியாக இருக்கிறார். ராத்திரி போன் பண்ணி நெஞ்சு அடைக்கிறது என்றார். பதறிப்போய் இங்கிருந்து 108 அடித்தேன். கன்னடத்தில் வரவேற்றார்கள்! மன்னார்குடி என்றேன், அது எந்த ஜில்லா என்றார்கள். அவர்கள் மேல் என்ன தப்பு? அப்புறம் எதிர்வீட்டுச் சித்தியை எழுப்பி, அவர் அங்கிருந்து 108 போட்டு, வண்டி வந்தது. இப்போது சித்தி, பால்காரர், தெருமுனை மெடிக்கல் எல்லோர் எண்ணும் ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கிறது. டெக்னாலஜி பேசுகிறவர்கள் இதற்கு ஒரு வழி சொல்லுங்கள்.

முள்ளியாறு:
விதி எழுதியவர்கள் இதில் கை வைக்கவே இல்லை என்பதுதான் என் வருத்தம். இணைய வழி அவசர அழைப்புக்கு விதி எழுத, இணையத்துக்குப் பொது விதிகள் எழுதும் ஐஇடிஎஃப் என்ற அமைப்பில் எக்ரிட் என்று ஒரு குழு இருந்தது. 2008-இல் அவர்கள் இரண்டு நல்ல காரியம் செய்தார்கள். ஒன்று, எந்த நாட்டில் எந்த எண் போட்டாலும் உள்ளே அது ‘எஸ்ஓஎஸ்’ என்ற ஒரே அடையாளத்தோடு போகும். ஆம்புலன்ஸ், தீயணைப்பு, போலீஸ் என்று பிரித்தும் குறிக்கலாம். இன்னொன்று லாஸ்ட் என்ற முறை. இடத்தைக் கொடுத்தால், அந்த இடத்துக்குப் பொறுப்பான அறை எது என்று அது சொல்லும்.

ஆனால் எல்லாமே ‘கூப்பிடுகிறவன் இருக்குமிடம்தான் ஆபத்து நடக்குமிடம்’ என்ற கணக்கில் கட்டியது. பாதிப் பிள்ளைகள் பெங்களூரிலும் துபாயிலும், அப்பா அம்மா டெல்டாவில் என்ற கணக்கு அதில் இல்லை. அப்பாவின் இடத்தைக் கொடுத்துக் கேட்டால் லாஸ்ட் தாராளமாகச் சொல்லும். கேட்கிற பொத்தானைத்தான் யாரும் போனில் வைக்கவில்லை.

மொபைல் பக்கம் விதி எழுதுவது 3ஜிபிபி என்ற சர்வதேசக் கூட்டமைப்பு. 4ஜியிலேயே அவசரக் கால் பேசும் முறையை 2009 கடைசியில் முடிந்த, அந்த விதித் தொகுப்பின் ஒன்பதாவது வெளியீட்டில் சேர்த்தார்கள். அதுவரை 4ஜி போன் அவசரக் காலுக்குப் பழைய 2ஜி, 3ஜிக்கு இறங்கிப் போக வேண்டும். நம் நாட்டில் 2016 செப்டம்பரில் 4ஜி மட்டுமே உள்ள ஜியோ வந்தது. அங்கே இறங்கிப்போகக் கீழ்ப்படியே கிடையாது. ஆஸ்திரேலியாவில் 2024-இல் 3ஜியை மூடியபோது, சாதாரணக் காலை 4ஜியில் பேசிவிட்டு அவசரக் காலுக்கு மட்டும் 3ஜியைத் தேடும் போன்கள் இருப்பது தெரிந்து, அவற்றை நெட்வொர்க்கிலிருந்தே விலக்கினார்கள். வெளிநாட்டிலிருந்து போன் வாங்கி வந்து அம்மாவிடம் கொடுப்பவர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் இது.

கோடியக்கரை ஃபைபர்:
தம்பி, கடலில் எங்கள் பாட்டைக் கேளுங்கள். கரையை விட்டுக் கொஞ்சம் தள்ளினால் சில நேரம் இலங்கை டவர் பிடிக்கிறது. ஒருநாள் என்ஜின் நின்று, காற்றில் படகு இழுத்துக்கொண்டு போனது. கடலோரக் காவல்படைக்கு 1554 போட்டால் போகவே இல்லை. நல்லவேளை, வாக்கி-டாக்கியில் பக்கத்துப் படகு கேட்டு வந்து கயிறு கட்டி இழுத்தார்கள். 112 போட்டிருந்தால் யார் எடுத்திருப்பார்கள்?

முள்ளியாறு:
அண்ணே, எந்த டவரில் போன் நிற்கிறதோ அந்த நாட்டு நெட்வொர்க்தான் அவசரக் காலைக் கையாள வேண்டும் என்பது விதி. ஆகவே போனால் அங்கேதான் போகும். 1554 நம் நாட்டுக்குள் மட்டும் தெரிந்த எண், அங்கே அது வெறும் நான்கு இலக்கம். போனை நம்பிக் கடலுக்குப் போகாதீர்கள். வாக்கியைச் சார்ஜில் வையுங்கள்.

வேதை டீச்சர்:
2018 நவம்பர் 16 விடியற்காலை, கஜா புயல். எங்கள் தெருவில் டவர் நின்றுகொண்டுதான் இருந்தது, கரண்ட் இல்லை. பேட்டரி தீர்ந்து, டீசலும் தீர்ந்த பிறகு அது வெறும் இரும்பு. தென்னை விழுந்து ரோடெல்லாம் அடைபட்டுக் கிடக்க, யாருக்குக் கால் போட்டு யார் வருவார்? நீங்கள் சொல்கிற எஸ்ஓஎஸ் எல்லாம் டவர் உயிரோடு இருந்தால்தானே. அண்மைப் புயல்களில் எந்த நிறுவனத்தின் சிம்மும் எந்த டவரிலும் பேசலாம் என்று திறந்துவிடுகிறார்கள். அது உருப்படியான வேலை. டீசலையும் யாராவது விதியில் எழுதினால் நல்லது.

குடவாசல் குமார்:
கொஞ்சம் சிரிக்க ஒன்று. எங்கள் ஆத்தாவிடம் பட்டன் போன். சுருக்குப் பையில் வெற்றிலைப் பெட்டியோடு சேர்த்துத் திணித்து வைக்கும். ஒருநாள் ஏதோ எண்ணிலிருந்து கால் வந்து, “அம்மா, உங்களுக்கு என்ன அவசரம்?” என்று கேட்டார்கள். ஆத்தா “அவசரம் ஒண்ணுமில்ல சாமி, நீங்க சாப்பிட்டீங்களா?” என்றது. மறுநாளும் இதே கதை. இப்போது 5-ஆம் பட்டன் மேல் டேப் ஒட்டிவிட்டேன்.

முள்ளியாறு:
2017 ஜனவரி முதல் இங்கே விற்கும் போனில் அவசரப் பொத்தான் இருக்க வேண்டும் என்று உத்தரவு. பட்டன் போனில் 5 அல்லது 9-ஐ அழுத்திப் பிடித்தால் 112-க்குப் போகும், டச் போனில் பவர் பட்டனை மூன்று முறை அழுத்த வேண்டும். டேப்பைப் பிரித்துவிடுங்கள், போனுக்கு ஒரு உறை வாங்கிப் போடுங்கள். தவறிப் போய்விட்டால் பட்டென்று கட் பண்ணாமல், “கை பட்டுடுச்சு” என்று சொல்லிவிட்டு வைக்கச் சொல்லுங்கள். பேசாமல் கட் ஆனால்தான் அவர்கள் திரும்பக் கூப்பிடுகிறார்கள்.