மறு: மைக்ரோ ஆர்.என்.ஏ. – தகவல் தாளுக்குத் தமிழ்ச் சொல்

வணக்கம்.

கல்லீரல் புற்றுநோய் ஆய்வுக்கு இரத்தம் கொடுப்பவர்களுக்கான தகவல் தாள் தமிழாகிறது. ‘மைக்ரோ ஆர்.என்.ஏ.’ பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. மரபணுவின் வேலையை அடக்குவதால் ‘அடக்கும் ஆர்.என்.ஏ.’ எனலாமா? ‘குறு ஆர்.என்.ஏ.’ என்றும் ஒரு பரிந்துரை உண்டு. சீன, மலாய்த் தாள்கள் தயார், தமிழ்தான் பாக்கி.

———

அம்மா, வணக்கம்.

‘அடக்கும்’ வேண்டாம். செய்யும் வேலையை வைத்துப் பெயரிட்டால் கல்லீரலிலேயே இடிக்கும். அங்குள்ள மைக்ரோ ஆர்.என்.ஏ.க்களில் ஏறத்தாழ 70 விழுக்காடு மிர்-122 என்ற ஒன்றேதான். வழக்கமாக அது, புரதம் செய்யும் குறிப்பை மரபணுவிலிருந்து கொண்டுசெல்லும் தூது ஆர்.என்.ஏ.யின் வால்பக்கம் (3′ முனை) ஒட்டிப் புரத உற்பத்தியைக் குறைக்கும். ஆனால் ஹெபடைடிஸ் சி கிருமியின் ஆர்.என்.ஏ.யில் தலைப்பக்கம் (5′ முனை) இரண்டு இடங்களில் ஒட்டி, உயிரணுவின் நொதிகள் அதை அரித்துவிடாமல் காக்கிறது. அடக்கும் என்று பெயர் சூட்டியது கிருமிக்குக் காவல் நிற்கிறது!

‘குறு’ என்றால் வேறு தொல்லை. மரபணுவின் வேலையைத் தடுக்கும் இன்னொரு வகையான எஸ்.ஐ.ஆர்.என்.ஏ.வும் (siRNA) இதே நீளம்தான், 21 முதல் 23 எழுத்துகள் (ஆர்.என்.ஏ. சங்கிலியின் கண்ணிகள்). வேறுபாடு ஒட்டும் விதத்தில். அது இலக்கோடு முழுக்கப் பொருந்தி வெட்டும். இதற்குப் பெரும்பாலும் 2 முதல் 8 வரையான எழுத்துகள் பொருந்தினாலே போதும். அதனால்தான் ஒன்றே நூற்றுக்கணக்கான மரபணுக்களைத் தொடுகிறது. ‘குறு’வை இந்தக் குடும்பம் மொத்தத்துக்கும் வைத்துக்கொள்வோம். எஸ்.ஐ.ஆர்.என்.ஏ.வுக்குக் ‘குறுக்கிடும் ஆர்.என்.ஏ.’ பொருந்தும்.

என் தேர்வு ‘நுண் ஆர்.என்.ஏ.’ நுண்ணோக்கி, நுண்ணுயிர் என்று பள்ளியிலேயே பழகிய முன்னொட்டு. ஆர்.என்.ஏ.யைத் தமிழாக்கத் தேவையில்லை; கொவிட் தடுப்பூசிக்குப் பிறகு அடுக்குமாடிக் கீழ்த்தளத்தில்கூட அது புழங்கிய சொல். புணர்ச்சிப்படி ‘நுண்ணார்.என்.ஏ.’ என வரவேண்டும், ஆனால் யாரோ புலவர் பெயர்போல ஒலிக்கிறது. பிரித்தே எழுதுவோம்.

பெயரைவிட எனக்குக் கவலை உங்கள் வரைவின் இரண்டாம் பத்தி. ‘புற்றுநோயில் மிர்-122 குறைகிறது’ என்று மொட்டையாக நிற்கிறது. எங்கே குறைகிறது? கட்டித் திசுவில் பலருக்குக் குறையும். இரத்தத்திலோ, கல்லீரல் உயிரணு சிதைந்து கசிந்தால் கூடும். வெறும் கல்லீரல் அழற்சியிலும் கூடும். ஆகவே அதை மட்டும் வைத்துப் புற்றுநோய் என்று சொல்ல முடியாது. மிர்-21 என்ற இன்னொன்று கட்டியில் கூடுகிறது, வளர்ச்சிக்குத் தடை போடும் பிடென் (PTEN) மரபணுவைக் குறைக்கிறது. திசுவுக்கு ‘மிகை வெளிப்பாடு’, ‘குறை வெளிப்பாடு’ சரி. இரத்தத்துக்கு ‘அளவு’ என்றே எழுதுங்கள். அங்கே மிதப்பது கசிந்து வந்தது, அங்கு வெளிப்பட்டதல்ல.

———

ஐயா, ஏற்கிறேன். இரத்தம் எடுக்கும் தாதியருக்கான பின்னிணைப்பில் ‘ஹிமோலிசிஸ்’ இருக்கிறது. ‘இரத்தச் சிதைவு’ போதுமா?

———

போதாது, ‘சிவப்பணுச் சிதைவு’ என்று எழுதுங்கள். சிவப்பணு உடைந்தால் அதிலுள்ள மிர்-451ஏ, மிர்-16 என்ற நுண் ஆர்.என்.ஏ.க்கள் இரண்டும் பிளாஸ்மாவில் (இரத்தத்தின் நீர்ப்பகுதியில்) கொட்டிவிடும். மிர்-16ஐ ஒப்பீட்டு அளவாக வைத்திருந்தால் மற்ற எல்லாம் குறைந்ததுபோல் கணக்கு காட்டும். கண்ணுக்கு இளஞ்சிவப்பு தெரியாவிட்டாலும் 414 நானோமீட்டரில் ஒளி உட்கவர்வை அளந்தால் பிடிபடும். குழாய், இரத்தம் உறையாமல் தடுக்கும் இடிடிஏ (ஊதா மூடி) என்று தெளிவாகப் போடுங்கள். உறைதலைத் தடுக்கும் இன்னொரு பொருளான ஹெபரின், ஆர்.என்.ஏ.யை அளக்கும் பிசிஆர் சோதனையைக் கெடுக்கும்.

ஹெபடைடிஸ் பி கல்லீரல் புற்றுநோய்க்கு வழிவகுக்கும்; சிங்கப்பூரில் பிறக்கும் எல்லாக் குழந்தைகளுக்கும் அதற்கான தடுப்பூசி 1987இல்தான் வந்தது. அதற்கு முன் பிறந்தவர்களே இந்தத் தாளை அதிகம் படிக்கப்போகிறார்கள். முதன்முதலில் வருமிடத்தில் மட்டும் ‘எந்தப் புரதம் எவ்வளவு உருவாக வேண்டும் என்பதைச் சரிசெய்யும் மிகச்சிறு மூலக்கூறு (நுண் ஆர்.என்.ஏ.)’ என்று விரித்து, எழுத்தளவு 14க்குக் குறையாமல் அச்சிடச் சொல்லுங்கள்.