லெட்ச்வொர்த் போய் வந்தவர்கள் உதவ முடியுமா?

வணக்கம் நண்பர்களே. எட்கர் ரைட் இயக்கி 2013-ல் வந்த 'தி வேர்ல்ட்ஸ் எண்ட்' எனக்கு உயிரான படம். பள்ளிக்கால நண்பர்கள் ஐந்து பேர், 1990-ல் பாதியில் விட்ட குடிப் பயணத்தை முடிக்கச் சொந்த ஊருக்குத் திரும்புகிறார்கள். ஒரே இரவில் பன்னிரண்டு மதுக்கடைகள். ஊரோ வேற்றுக்கிரக இயந்திர மனிதர்கள் கையில். அடித்தால் ரத்தத்துக்குப் பதில் நீல மை தெறிக்கும்! ஆனால் என்னை உலுக்கியது அந்த ஐவரில் ஒருவனான கேரிதான். எல்லாரும் வேலை, குடும்பம் என்று மாறிவிட, அவன் மட்டும் அதே கறுப்புக் கோட்டில் வந்து நிற்கிறான். நண்பன் ஆண்டி குடிக்காமல் குழாய்த் தண்ணீர் கேட்கும்போது கேரியின் முகத்தைப் பாருங்கள். கேரியாக வரும் சைமன் பெக் இதைவிட நன்றாக நடித்து நான் பார்த்ததில்லை.

படப்பிடிப்பு நடந்தது லண்டனுக்கு வடக்கே லெட்ச்வொர்த், வெல்வின் கார்டன் சிட்டி ஆகிய ஊர்களில். லெட்ச்வொர்த் ரயில் நிலையத்தையே ஒரு மதுக்கடையாக மாற்றியிருந்தார்கள். இத்தனைக்கும், பல பத்தாண்டுகள் மதுக்கடையே அனுமதிக்காத ஊர் அது!

அடுத்த மாதம் கல்லூரி நண்பர்களோடு லண்டன் வருகிறேன். அந்தப் பக்கம் இருப்பவர்கள் சொல்லுங்கள்: இரண்டு ஊர்களையும் ஒரே நாளில் ரயிலில் பார்த்துவிடலாமா? படத்தில் கடைசி மதுக்கடையாக வரும், லெட்ச்வொர்த்தில் உள்ள கார்டனர்ஸ் ஆர்ம்ஸுக்கு ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போகலாமா? எங்களில் ஒருவருக்கு மூட்டுவலி, அதிகம் நடக்க முடியாது. அப்புறம், லெட்ச்வொர்த்தின் பிராட்வே திரையரங்கில் படம் பார்க்க முன்பதிவு தேவைப்படுமா? விவரம் தெரிந்தவர்கள் கருத்தில் எழுதினால் பெரிய உதவியாக இருக்கும்.